நம் பெயரை நாமே எழுதுவோம்

(ஹட்டன் நகரில், வரைகலைக் கூடங்களிலும் அச்சகங்களிலும் பணிபுரியும் இளைஞர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கறிஞரை மேடைக்கு அழைத்தால் சட்டம் பேசுவார். தொழிற்சங்கத்தில் உழைப்பவரை அழைத்தால் சம்பளம் பேசுவார் என்று எதிர்பார்ப்பது உலக வழக்கம். அவ்விரண்டையும் பற்றியே நாமும் பேசப் போகின்றோம். ஆனால் உங்கள் தொழிலின் வாயிலாகப் பேசப் போகின்றோம். ஏனெனில், தாளிலே ஒரு மனிதனின் பெயரை எவர் எழுதுகின்றாரோ அவரே அம்மனிதன் மீது அதிகாரம் செலுத்துகின்றார். மலைநாட்டுத் தமிழனின் இருநூறு ஆண்டு வரலாறு இந்த உண்மைக்குச் சான்று பகர்கின்றது.

தகரத்தில் பொறித்த வரலாறு

நம் மூதாதையர் இந்நாட்டுக்கு வந்தபோது அவர்களைப் பற்றிப் பொறிக்கப்பட்ட எழுத்து எது தெரியுமா? அது காகிதத்தில் இல்லை, தகரத்தில் இருந்தது. 1901ஆம் ஆண்டு முதல், கடல் கடந்து வந்த தொழிலாளியின் கழுத்திலே எழுத்தும் எண்ணும் பொறித்த தகரச் சீட்டு ஒன்று கட்டித் தொங்கவிடப்பட்டது. இன்ன தோட்டத்துக்குரிய ஆள் என்று அந்தச் சீட்டுச் சொல்லிற்று. அவன் பெயர் என்ன, ஊர் எது, தாய் தந்தையர் யாவர் என்று அது சொல்லவில்லை. பெட்டிக்கு முகவரி ஒட்டுவதுபோல் மனிதனுக்கு முகவரி ஒட்டினார்கள்.

மற்றொன்று ‘துண்டு’. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குத் தொழிலாளி போக வேண்டுமாயின், அவன் பட்ட கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோர் அவனைக் கொண்டு செல்லலாம் என்று எழுதிய சிறு காகிதம் அது. காகிதத்தின் பெயர் துண்டு. அதன் பொருள் விலைச் சீட்டு! 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழிக்கும் வரை, படிக்கத் தெரியாத ஒருவனின் வாழ்வு, அவன் படிக்க முடியாத ஒரு காகிதத்தில் அடங்கிக் கிடந்தது.

மூன்றாவது காகிதம் விண்ணப்பப் படிவம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம், குடியுரிமை வேண்டுவோர் 1951 ஆகஸ்டு 5ஆந் திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றது. மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிறுவ வேண்டும் என்றது. பிறப்புப் பதிவும் முகவரியும் ஒழுங்காக இல்லாத லயத்து மக்கள் எதைக் காட்டி நிறுவுவது? எட்டு இலட்சம் பேரளவில் விண்ணப்பித்தனர். ஏற்கப்பட்டோரோ ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே. துப்பாக்கி கொண்டு நடந்த காரியமா இது? இல்லை. கட்டம் கட்டமாகக் கோடிட்ட ஒரு படிவம் கொண்டு நடந்த காரியம்! எஞ்சியோர் தலைமீது 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இறங்கிற்று. நாடற்ற நிலையை நீக்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

படிவம் அமைப்பதும் வரைகலையே. யாருக்கு எளிதாக இருக்க வேண்டும், யாருக்குக் கடினமாக இருக்க வேண்டும் என்பதை அதனை அமைப்பவர் தீர்மானிக்கின்றார். ஆகவேதான் உங்கள் தொழில் அரசியல் அற்றது என்று எவரேனும் கூறினால் நாம் அதனை ஒப்புக்கொள்வதில்லை.

ஓர் எழுத்துக்கு என்ன விலை?

‘ஓர் எழுத்தில் என்ன இருக்கிறது?’ என்று கேட்போரும் உண்டு. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதனை அடுத்து, வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் புகுத்தப்பட்டது. ஒரே ஓர் எழுத்துத்தான்! அந்த எழுத்தை எதிர்த்து வடக்கும் கிழக்கும் கிளர்ந்தன. மலைநாடும் வாளாவிருக்கவில்லை. 1958இல் பொகவந்தலாவையில் பொலிசார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் உயிர் நீத்தனர். இலக்கத் தகட்டைச் சொந்தமாக வைத்திருக்க வாய்ப்பே இல்லாத ஏழைத் தொழிலாளர், எழுத்தின் மானத்துக்காக மாண்டனர். எழுத்தின் விலை அறியாதவர் அவர்களின் வாழ்வைப் படிக்கட்டும்.

இன்று சட்டத்தின் நிலை வேறு. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1988இல் வந்த 16ஆம் திருத்தம் நிர்வாகத்தில் தமிழின் இடத்தை விரித்துரைத்தது. 1999ஆம் ஆண்டு அறிவித்தலால் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாயின. ஏட்டில் யாவும் உண்டு. பலகையில் உண்டா? பேருந்திலே ‘கர்ப்பிணித் தாய்மார்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘தா’ என்பது ‘நா’ ஆகி, நம் தாய்மாரை நாய்மார் ஆக்கிய கொடுமையை ஏடுகள் படத்துடன் வெளியிட்டனவே! நகைத்துவிட்டு நகரக்கூடிய பிழையா அது? தமிழ் அறிந்த ஒருவரிடம் ஒரு நிமிடம் காட்டியிருந்தால் நிகழ்ந்திராத பிழை. காட்டத் தோன்றவில்லை என்பதே அதிலுள்ள அரசியல்.

ஒரு நாள் வேலை

இனி உங்கள் கூடங்களுக்கு வருவோம். கட்சி வேலையாகவும் சங்க வேலையாகவும் அங்கு நாம் அடிக்கடி வருகின்றோம்; காத்திருக்கும் நேரத்தில் கண்டதையே கூறுகின்றோம்.

கடைத்தெருவில் ஒடுங்கிய படியேறினால் ஒற்றை அறை. கணினி இரண்டு, சிறிய அச்சுப்பொறி ஒன்று, சுவர் நிறையத் திருமண அழைப்பிதழ் மாதிரிகள். காலையில் கதவு திறக்குமுன்னே காத்து நிற்பது பெரும்பாலும் மரண வீடு. நல்லடக்க நேரம் பிற்பகல் என்றால் அறிவித்தல் முற்பகலுக்குள் வேண்டும். இறந்தவரின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, மங்கிய முகத்தைத் துலக்கி, மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகள் பெயர்களை முறைப்படி அடுக்கித் தருகின்றீர்கள். வாழ்நாள் முழுவதும் பிரட்டுக் களத்தில் ஓர் இலக்கமாக நின்றவர், அந்த ஒரு தாளிலேதான் முழுப் பெயரோடும் முழு உறவோடும் நிற்கின்றார். இது சிறிய சேவையா?

அதன்பின் பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழுக்குத் தாய் ஒருத்தி வருகின்றாள். கோயில் தேர்த்திருவிழாச் சுவரொட்டிக்குத் தோட்டக் கோயில் நிருவாக சபையார் வருகின்றனர். தனியார் வகுப்பு ஆசிரியர் வருகின்றார். கடைக்காரர் பற்றுச்சீட்டுப் புத்தகம் கேட்டு வருகின்றார். மாசியில் காமன் கூத்து, மேயில் தொழிலாளர் தினம், ஐப்பசியில் தீபாவளி, மார்கழியில் நத்தாரும் நாட்காட்டியும் என ஆண்டின் பருவங்கள் உங்கள் மேசையிலேதான் முதலில் மாறுகின்றன. தேர்தல் வந்துவிட்டாலோ ஒரே மேசையில் மூன்று கட்சியினர் காத்திருக்கின்றனர். ஒருவர் பதாகையை மற்றொருவருக்குக் காட்டாது மறைக்கும் உங்கள் நேர்மை எங்கள் கட்சிகளுக்கு வாய்த்தால் நாடு உருப்படும்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை மறந்துவிடாதீர்கள். மார்ச்சு மாதத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. காகிதம் இல்லாமையால் மேல் மாகாணப் பள்ளிப் பரீட்சைகள் தள்ளி வைக்கப்பட்டன. நாளேடுகள் சில அச்சிடுவதைக் குறைத்தன. தலைநகரத்துப் பெரிய நிறுவனங்களே தடுமாறிய அவ்வேளை, மலைநாட்டுச் சிறு கூடங்கள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று.

வழிகாட்டிச் சென்றவர்கள்

இத்தொழிலுக்கு இந்த ஊரிலே ஒரு மூதாதை உண்டு. அதுவே உங்கள் பெருமை. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யரை அரசியல்வாதி என்றும் சட்டசபை உறுப்பினர் என்றும் படித்திருப்பீர்கள். அவர் எல்லாவற்றுக்கும் முன் ஓர் அச்சுக்காரர். வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில் துணி வியாபாரிபோல வேடமிட்டு லயங்களுக்குள் சென்று நிலைமையைக் கண்டவர். கண்டதைச் சொல்ல அவருக்கு ஏடு வேண்டியிருந்தது. ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்று ஏடுகளை நடத்தினார். 1931இல் ஹட்டனை நிலைக்களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1936இல் இந்த ஹட்டன் தொகுதியே அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரோ அச்சினை ஒரு படி மேலே கொண்டு சென்றார். படிக்கத் தெரியாதவரிடம் துண்டுப்பிரசுரம் கொடுத்து என்ன பயன்? ஆகவே பாட்டாக எழுதினார், மேடையிலே பாடினார், பாடியதைச் சிறு நூலாக அச்சிட்டார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் அவரது பாட்டு நூல் 1940இல் வெளிவந்தது. ஒருவர் படித்தால் லயமே கேட்கும். லயம் கேட்டால் மறுநாள் மலையே பாடும். எழுத்தறியாதவரையும் எட்டுமாறு எழுத்தை அமைப்பதே இத்தொழிலின் உச்சம் என்பதை அந்த அம்மையார் அன்றே காட்டினார்.

அக்காலத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, எழுத்தறியாத வாக்காளருக்காக வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் வழங்கப்பட்டது. அந்நிறப் பெட்டியில் வாக்கை இட்டனர். பின்னர் நிறம் போய்ச் சின்னம் வந்தது. இன்றும் மலைநாட்டில் சேவல் என்றால் எந்தக் கட்சி என்று குழந்தையும் கூறும். நிறமும் உருவமும் மக்களாட்சியின் அரிச்சுவடியாக இருந்த நாடு இது.

பெயர் பிழைத்தால் பிழைப்பும் போகும்

இப்பொழுது வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்று கூறுகின்றோம். எம்மிடம் வரும் தோட்டத்து மக்களின் துன்பங்களுள் பெரும்பகுதி நிலத்தாலும் நோயாலும் வருவதன்று. எழுத்துப் பிழையால் வருவது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ‘ராமாயி’; அடையாள அட்டையில் ‘ராமாய்’; தோட்டப் பதிவில் ‘இராமாயம்மா’. மூவரும் ஒருத்தியே என்று நிறுவ அவள் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். முப்பது ஆண்டு கொழுந்து பறித்துச் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதி, ஓர் ‘யி’யின் சுழியில் சிக்கிக் கிடக்கும். தமிழ்ப் பெயரை வேற்று மொழியில் செவிவழி எழுதி, அதனை மீண்டும் தமிழாக்கும்போது விளையும் கேடு இது.

லயத்து வீட்டுக்கு முகவரியும் இல்லை. தோட்டத்தின் பெயர் உண்டு. பிரிவின் பெயர் உண்டு. வாசலுக்கு இலக்கம் இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வருகின்றது. அங்கிருந்து யார் கையில் எப்போது சேரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நேர்முகப் பரீட்சை அழைப்பும் நாள் கடந்து கிடைத்து, எதிர்காலத்தை இழந்த பிள்ளைகள் உண்டு. தோட்டத்தின் பெயரோ தேயிலைப் பெட்டியின் மீது அச்சாகி, 1883ஆம் ஆண்டு முதல் நடக்கும் கொழும்பு ஏலத்தின் வழியே உலகெங்கும் செல்கின்றது. தேயிலைக்கு முகவரி உண்டு. தேயிலை பறித்தவளுக்கு இல்லை. இதைவிட வெட்கம் வேறு என்ன?

யாருடைய முகம்?

முகவரியைப் பற்றிப் பேசினோம். முகத்தைப் பற்றியும் பேசுவோம். 1926 முதல் 1933 வரை இலண்டனில் இயங்கிய பேரரசு விற்பனைச் சபை, குடியேற்ற நாட்டு விளைபொருள்களை விற்க வண்ணச் சுவரொட்டிகளை ஆக்கிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டமும் அவற்றிலே இடம்பெற்றது. பசுமையான மலை, வண்ணச் சேலை, நிமிர்ந்த கூடை! அட்டை கடித்த கால் அந்தப் படங்களில் இல்லை. மழையில் நனைந்த படங்குச் சாக்கு இல்லை. நூறாண்டு கழிந்தும் தேயிலைப் பொதியின் மீது சிரிக்கும் பெண்ணுக்குப் பெயர் இல்லை.

இதனைப் பிறர்மேல் குற்றமாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் நம் மே தினச் சுவரொட்டியில் இருக்கும் பெண் யார்? இணையத்தில் எடுத்த அசாம் மாநிலப் பெண்ணோ, மூணாற்றுப் பெண்ணோ அன்றோ? நம் தாய் நம் சுவரொட்டியிலும் இல்லையெனில் வேறெங்கு இருப்பாள்? இப்போது இயந்திரமே படம் வரைந்து தருகின்றது. அது வரையும் தமிழ் எழுத்தோ சில வேளைகளில் காலும் கொம்பும் முறிந்து கிடக்கின்றது. பிழையான பலகையை அரசு வைத்தால் கண்டிக்கும் நாம், அதே பிழையை நம் பதாகையில் பெரிதாக அச்சிடலாமா?

செய்ய வேண்டியவை

கண்டித்துக் கலைந்து செல்வதற்காக நாம் கூடவில்லை. ஐந்து கருமங்களை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, பெயர். எவர் எதனை அச்சிட வந்தாலும், பெயரைச் செவிவழிக் கேட்டு எழுதாதீர்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பார்த்து எழுதுங்கள். பத்திரங்களுக்குள் வேறுபாடு கண்டால், திருத்திக்கொள்ளும்படி அப்பொழுதே சொல்லியனுப்புங்கள். நீங்கள் இன்று சொல்லும் ஒரு சொல், முப்பது ஆண்டின்பின் ஒரு வழக்கைத் தவிர்க்கும்.

இரண்டாவது, வாசல் இலக்கம். 2018ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பிரதேச சபைகள் தோட்டங்களிலும் பணியாற்ற வழி திறந்தது. அவ்வாண்டிலேயே நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எனப் புதிய சபைகளும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொரு லயத்துக்கும் பெயரும், ஒவ்வொரு வாசலுக்கும் இலக்கமும் வேண்டும் என்று சபைகளிடம் கோருவது எங்கள் பொறுப்பு. தெளிந்த தமிழும் சிங்களமும் பொறித்த தகட்டின் மாதிரியை வரைந்து தருவது உங்கள் பொறுப்பு. அன்று கழுத்தில் தொங்கிய தகரத்துக்கு நாம் கூறும் மறுமொழி, வாசலில் நாமே அறையும் தகடாக இருக்கட்டும்.

மூன்றாவது, சம்பளத் தாள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்றும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்றும் வர்த்தமானிகள் வந்தன. வர்த்தமானியின் நடை வழக்கறிஞருக்கே வியர்வை தருவது. சம்பளம் மாறும்போதெல்லாம், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மேலதிகக் கொழுந்துக்கு எவ்வளவு, கழிவு எவ்வளவு என்பதைக் கொழுந்து பறிப்பவள் ஒரே பார்வையில் அறியும் வண்ணம் ஒரு பக்கத் தாளாக அமைத்துத் தாருங்கள். சட்டத்தின் செம்மைக்கு நாம் பொறுப்பு. பார்வையின் தெளிவுக்கு நீங்கள் பொறுப்பு.

நான்காவது, உழவர். நுவரெலியாவின் கோவாவும் லீக்சும் கரட்டும் உருளைக்கிழங்கும் பெயரில்லாச் சாக்கில் இறங்கி, தம்புள்ளையிலும் கொழும்பிலும் பெயரின்றி விலைபோகின்றன. விளைவித்தவர் ஊரும் பெயரும் நிறையும் தாங்கிய எளிய சீட்டொன்று சாக்கில் இருந்தால், வாங்குவோர் தரமறிந்து மீண்டும் கேட்பர். தேயிலைக்குப் பெயரால் வந்த மதிப்பு மரக்கறிக்கும் வரலாம். வடக்கில் வெங்காயமும் புகையிலையும் விளைக்கும் உழவருக்கும் இது பொருந்தும். மலைநாட்டுக் கூடங்களும் யாழ்ப்பாணத்துக் கூடங்களும் கைகோத்தால் இதற்கு மாதிரி அமைப்பது ஒரு வார வேலை.

ஐந்தாவது, காப்பகம். துண்டுப்பிரசுரம் மறுநாளே கூடைக்கு அடிவிரிப்பாகின்றது. ஆனால் ஐம்பதாண்டின்பின் வரலாறு எழுதுவோன் தேடுவது அதனைத்தான். நீங்கள் ஆக்கும் ஒவ்வொன்றிலும் ஒரு படியைத் திகதியிட்டு வையுங்கள். பாமினி எழுத்துருவில் மட்டும் தட்டச்சிட்ட கோப்பு வேறு கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஆகவே ஒருங்குறியிலும் ஒரு படி வையுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஏடுகளை எண்ணிமமாக்கிக் காத்துவரும் நூலகம் நிறுவனம் போன்றோரிடம் அவற்றைச் சேர்ப்பியுங்கள்.

தோழர்களே! 2023இல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள். அன்று வந்தவர்கள் எழுதப்பட்டவர்கள். இன்று நடந்தவர்கள் தாமே எழுதிய பதாகைகளை ஏந்தி நடந்தார்கள். இந்த மாற்றத்தின் பெயர்தான் விடுதலை. அது இன்னும் முழுமை பெறவில்லை. அதனை முழுமையாக்கும் கருவிகளுள் ஒன்று உங்கள் மேசைமீது இருக்கின்றது. கூலிக்கு வேலை செய்யுங்கள். கூலியை நியாயமாகக் கேட்டு வாங்குங்கள், எங்களிடமும் கேட்டு வாங்குங்கள்! ஆனால் வாங்கிய கூலிக்கு அப்பால், நீங்கள் எழுதும் ஒவ்வொரு பெயரும் ஒரு குடிமகனின் பெயர், ஒரு குடிமகளின் பெயர் என்ற நினைவோடு எழுதுங்கள்.

நம் பெயரை நாமே எழுதுவோம், பிழையின்றி எழுதுவோம், பிறர் அழிக்க இயலாதவாறு எழுதுவோம்!